ஆள் உட்காராத இலை

"படம் எடுக்கிறது போட்டோகிராபர். காசு கொடுக்கிறது கம்பெனி. அப்ப நடுவுல நீங்க என்னதான் அங்கிள் செஞ்சீங்க?"

கேட்டது மங்கை. நான் கடைசியாக வேலை பார்த்த விளம்பர நிறுவனத்தில் இப்போது சேர்ந்திருக்கும் பெண். நான் ஓய்வு பெற்றுக் காலி செய்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆர்ட் டைரக்டர். "எங்கம்மா நான் சினிமாவுக்கு செட் போடுறேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்காங்க. எப்படி விளக்குறதுன்னே தெரியல" என்று ஒரு பை நிறைய ரம்புத்தான் பழத்தோடு மலாக்காவில், காஜா பெராங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நான் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்: "கவலைப்படுறதுதான் அவருக்கு வேலை. அதுக்குச் சம்பளமும் கொடுத்தாங்க, பாவம்."

பொய்யில்லை. அன்று மங்கையிடம் நானும் ஏதோ சொல்லி அனுப்பினேன். சரியாகச் சொல்லவில்லையோ என்று அதன் பிறகு ஒரே யோசனை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு நெஞ்சு நோய் வந்து வேலை நின்றதும் குடும்பம் மலாக்கா டவுனுக்கு வந்தது. என்னை ஜாலான் பெண்டஹாராவில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் சேர்த்தார்கள். எழுத்து சீக்கிரம் கைவந்தது. ஏணிதான் வரவில்லை. மூன்றாவது படிக்கு மேல் ஏறினால், ஏணி நழுவுமா, கட்டிய கயிறு அறுமா, சாயம் கீழே போகிறவர் தலையில் கொட்டுமா என்று ஒவ்வொன்றாகத் தோன்றும். இறங்கிவிடுவேன். ஆகவே தரையில் வைத்து எழுதுகிற வேலையையெல்லாம் ஓடி ஓடி வாங்கிக்கொள்வேன். பலகையைக் கடைக்கு முன்னால் அஞ்சடிப் பாதை என்கிற நடைபாதையில் படுக்கப் போட்டு, போகிறவர் வருகிறவர் இடிக்காமல் இருக்க வாசற்படிக்கு உட்பக்கம் உட்கார்ந்து, எழுத்தையெல்லாம் தலைகீழாக எழுதப் பழகிவிட்டேன். தெருவில் நிற்பவருக்கு அது நேராகத் தெரியும்.

ஆனால் காலம் முழுக்க அப்படி ஓட்ட முடியாதே. "அடுத்த மாசம் சினிமாக் கொட்டகைச் சுவரு வேலை வருது. ஏறலன்னா வேற பொழப்பப் பாத்துக்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் மிஸ் பிந்தோ அஞ்சடிப் பாதையில் வந்து நின்றார்.

போர்த்துகீசிய வம்சத்துப் பெண்மணி. கடலோரக் குடியிருப்பில் பிறந்து, சிங்கப்பூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஆண்கள் போடுகிற மாதிரி ஷூ, கைக்கடிகாரம் மணிக்கட்டின் உட்பக்கம். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். அதை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"எப்போதும் இப்படித் தலைகீழாகத்தான் எழுதுவாயா?"

திட்டப் போகிறார் என்று பயந்து, "இல்லை மிஸ், நேராகவும் எழுதுவேன்" என்றேன்.

"நேராக எழுத எனக்கு நிறையப் பேர் கிடைப்பார்கள்" என்றார்.

அப்படித்தான் நான் பண்டார் ஹிலிரில் மிஸ்டர் ஓங்கின் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஓங் அதுவரை கல்யாணப் படமும், அடையாள அட்டைக்கு ஒட்டுகிற ஐசி படமும் எடுத்துக்கொண்டிருந்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, புதுப்புதுக் கம்பெனிகள் வரும், காலண்டரும் போஸ்டரும் அடிப்பார்கள் என்று கணக்குப் போட்டு மிஸ்ஸை அழைத்து வந்திருந்தார். இருவருக்கும் ஒரே ஒப்பந்தம்தான்: எப்படி எடுப்பது என்பது ஓங் பொறுப்பு, எதை எடுப்பது என்பது மிஸ் பொறுப்பு.

வேலை இப்படி நடக்கும். மிஸ் முதலில் பென்சிலால் சின்னதாக ஒரு படம் போடுவார். கம்பெனிக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டினால் என்னிடம் வரும். ஓங்கின் பெரிய மரக் கேமராவின் பின்பக்கம் ஒரு தேய்த்த கண்ணாடி இருக்கும். முன்னால் வைத்த பொருள் அதில் தலைகீழாக, இடம் வலம் மாறி விழும். நான் மிஸ்ஸின் படத்தை அந்தக் கண்ணாடி அளவுக்குப் பெரிதாக்கி, மெல்லிய தாளில் தலைகீழாக மையால் இழுத்து, கண்ணாடியின் மேல் ஒட்ட வேண்டும். எழுத்து வர வேண்டிய இடத்தைக் காலியாக விட வேண்டும். பிறகு கறுப்புத் துணிக்குள் ஓங் தலையை விட்டுக்கொள்வார். தாளில் உள்ள கோட்டுக்குள் நிஜப் பொருள் போய் உட்காரும்வரை நான் முன்னால் நின்று நகர்த்துவேன்.

மிஸ் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் ஒரு சாப்ஸ்டிக் குச்சி வைத்திருப்பார். அதனால் காட்டுவார், பொருளைத் தொடமாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு "லாகி" என்பார், இன்னும் என்று. அல்லது "பாலிக்", திருப்பு என்று. ஒரு கோப்பையை அரை விரல் நகர்த்தக் காலைப் பொழுது முழுக்கப் போகும். கம்பெனிக்காரர்கள் வந்து பேசும்போது அவர் பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். சீவல் சத்தம் நின்றால் ஓங்கும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

முதல் வேலை ஒரு குளிர்பானத்துக்கு. விளக்குச் சூட்டில் ஐஸ் கரைந்துவிடும் என்று கண்ணாடித் துண்டுகளைப் போட்டோம். கையில் கிளாஸைப் பிடித்திருந்த பெண் மறந்துபோய்க் குடித்துவிடுவாளோ என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேறு மாதிரிச் சந்தேகம் வந்து ஓங்கிடம் புகார் சொல்லிவிட்டாள். இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான் வந்தன. பெரியதெல்லாம் சிங்கப்பூருக்கே போயிற்று.

ஒருநாள் ஓங் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். "ஒரு கறித்தூள் வேலை வருகிறது. போஸ்டர், காலண்டர் எல்லாம். இது நின்றால் நாம் நிற்கலாம். விழுந்தால் நான் ஐசி படத்துக்கே போகிறேன். மிஸ் சிங்கப்பூர் போவார். ராஜு..."

"நான் ஏணிக்கு" என்றேன்.

கறித்தூள் முதலாளி மாணிக்கம் ஜாலான் பெண்டஹாராவில் தூளைத் தாளில் பொட்டலம் கட்டி விற்று முன்னுக்கு வந்தவர். நல்ல உடம்பு, நல்ல குரல், விரலில் சிவப்புக் கல் மோதிரம். "சுதந்திரம் வருது, நம்ம தூளும் டின்னுல வரட்டும்" என்பார். டின்னின் நடுவில் வட்டத்துக்குள் அவர் முகம் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் நிபந்தனை. "என் மூஞ்சிய நம்பித்தான் சனம் வாங்குது." டின் இன்னும் அடித்து வரவில்லை. மாதிரிக்கு ஒரு டின்னில் அவர் முகத்தை நானே வரைந்தேன். மீசை நன்றாக வந்திருந்தது.

மிஸ் போட்ட படம் அந்தக் காலத்துக்குப் புதுசு. குடும்பம் கிடையாது, சிரிக்கிற பெண் கிடையாது. ஒரு வாழை இலை. அதில் முழுச் சாப்பாடு. "பார்க்கிறவர்தான் விருந்தாளி. இலை அவருக்காகவே போட்டிருக்கிறது" என்றார். முதலாளியும் தலையாட்டினார். பென்சில் படத்தில் அது நாலு வட்டமும் ஒரு நீளக் கோடும்தான்.

சாப்பாடு மீனாட்சி மக்சிக் வீட்டிலிருந்து வந்தது. மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. கம்போங் செட்டி எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அங்கே இருப்பவர்கள் நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது மலாய்க்காரர்களின் கெபாயாச் சட்டை. மக்சிக்கின் சமையல் அந்தப் பக்கத்தில் பெயர் போனது. அடுக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

இலை சுருளுமா, குழம்பு ஓடுமா என்று எனக்கு நூறு கவலை. இலைக்கு எண்ணெய் தடவினோம். காய்கறிக்குப் பளபளப்பு வர கிளிசரின் தடவினோம். வலது ஓரம் இருட்டாக இருக்கிறது என்று மிஸ் சொல்ல, என் வீட்டுக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து ஏற்றி வைத்தேன். இடது பக்கம் பித்தளைச் செம்பில் தண்ணீர். சோறு சூடாக இருப்பதுபோலத் தெரிய வேண்டுமே? ஓங் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சோற்றுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். புகை அழகாக நெளிந்து ஏறியது. டின்னை எங்கே வைப்பது? எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக, இலையின் தலைப்பக்கம் நிறுத்தினோம். கண்ணாடியில் பார்த்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தியிருந்தது. மிஸ் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்தால் படம் சரி என்று அர்த்தம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் நிறம் கொடுக்கிற வேலையும் என்னுடையது. இலைக்குப் பச்சை, பருப்புக்கு மஞ்சள், விளக்குச் சுடருக்குக் கொஞ்சம் ஆரஞ்சு. முதலாளி கன்னத்துக்கு லேசாக ரோஸ். படத்தைக் காகிதத்தில் சுற்றி அவர் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஸ்டூடியோ திறக்கும் முன்னே வந்து நின்றார். படத்தை மேசைமேல் போட்டார்.

"ராஜு, இங்க வா. என்ன தெரியுது?"

"இலை, முதலாளி."

"அப்புறம்?"

"விளக்கு. செம்புல தண்ணி."

"அது என்னா புகை?"

"சோத்துச் சூடு, முதலாளி."

"சரி. தலைமாட்டுல யாரு?"

"நீங்க, முதலாளி" என்றேன்.

"நான்தான். இலை போட்டு, விளக்கேத்தி, பத்தி கொளுத்தி, என் படத்தத் தூக்கி வச்சிருக்கீங்க. சாப்பிட ஒரு ஆளு இல்ல. மாலை ஒன்னுதான் குறைச்சல்! என் சம்சாரம் நேத்துலேருந்து தாலியப் பிடிச்சிக்கிட்டு அழுவுறா. பச்சத் தண்ணி குடிக்கல. என்னைய உயிரோட இருக்கையிலேயே கும்பிட்டுட்டீங்களேடா!"

படத்தை எடுத்துப் பார்த்தேன். படையலேதான். வேறு எதுவாகவும் அதைப் பார்க்க முடியவில்லை. அத்தனை நாளும் அது எங்களுக்குக் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கிய பச்சையும் வெள்ளையுமாகவே இருந்திருக்கிறது. ஓங்குக்கு நான் மலாயில் சொன்னதும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எங்கள் வீட்டிலும் இறந்தவர்களுக்கு இப்படித்தானே வைப்போம்! பத்தியை நானேதான் கொளுத்தினேன். அப்போதுகூடத் தோன்றவில்லையே!"

பென்சில் சீவுகிற சத்தம் நின்றிருந்தது. மிஸ் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. படத்தை நிமிர்த்தி வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இறந்தவர் இலைக்கும் உயிரோடு இருப்பவர் இலைக்கும் என்ன வித்தியாசம்?"

"உயிரோடு இருப்பவர் சாப்பிடுவார், மிஸ்."

"அப்படியானால் பாதி சாப்பிட்ட இலையை எடுப்போம்."

அதை முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். "எச்சி இலையா? எச்சி இலையக் காட்டித் தூள் விக்கச் சொல்றியா? நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

மிஸ் ஒரு தாளில் நீளமாகக் கோடு இழுத்தார். ஒரு முனையில் தொடாத இலை, இன்னொரு முனையில் தொட்ட இலை. "படம் இதற்கு நடுவில் எங்கோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொல். பசியோடு வரச் சொல்."

"வரேன்" என்றார் முதலாளி. "ஆனா என் சம்சாரம் பாத்து சரின்னு சொல்லணும். அவ ஒத்துக்கலன்னா சிங்கப்பூருக்குக் கொடுத்துடுவேன். அதுக்கு மேல என்கிட்ட பேச வேண்டாம்."

நான் மக்சிக் வீட்டுக்கு ஓடினேன். அவர் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பார்ச்சு! யார் இறந்தது?" அவர்கள் வீடுகளில் பொங்கலுக்கு முன்னால் முன்னோர்க்கு இலை போடுவதற்கு அதுதான் பெயர். இலையைப் பரப்பி, விளக்கேற்றி, பெரியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் சற்று நேரம் வெளியே வந்துவிடுவார்கள். யாரும் இறக்கவில்லை, இவர் கறித்தூள் விற்கிறவர் என்றேன். சிரித்தார். பிறகு, "என் சாப்பாடு என்ன ஆயிற்று?" என்றார்.

கிளிசரின் தடவினோம் என்றும், பிறகு கொட்டிவிட்டோம் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரிப்பு போய்விட்டது. "சமைத்தால் ஒருவர் சாப்பிட வேண்டும். என் வீட்டில், என் கையால், சூடாக. அப்படியென்றால் சமைக்கிறேன். இல்லையென்றால் மண்ணில் பொம்மைச் சோறு செய்துகொள்ளுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் விளக்குகளையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கம்போங் செட்டிக்குப் போனோம். மக்சிக்கின் நீளமான கூடத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. விளக்கு இல்லை, பத்தி இல்லை. டின்னைக் குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தோம். மிஸ்ஸின் புதுப்படத்தில் இலையும், கரண்டி பிடித்துப் பரிமாறுகிற ஒரு கையும் மட்டும். பரிமாறும் கை இருந்தால் சாப்பிட ஆள் இருக்கிறது என்று அர்த்தமாகும் அல்லவா? ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது அதுவும் ஏதோ சாமிக்குப் படைப்பதுபோலத்தான் இருந்தது. சரி, முதலாளியையே உட்கார வைப்போம் என்று பார்த்தால், அவர் கேமராவைக் கண்டதும் டின்னில் இருக்கிற முகத்தைப் போட்டுக்கொண்டார்.

"விடுங்கள். அவர் முதலில் சாப்பிடட்டும்" என்றார் மிஸ்.

முதலாளி சாப்பிட்டார். காலையிலிருந்து பட்டினி. மக்சிக் வைக்க வைக்க இலை காலியானது. ஓங் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கோ படத்துக்குச் சோறு மிஞ்சுமா என்று கவலை. கடைசியில் ஏப்பம் விட்டு எழுந்து கை கழுவி வந்தார். அதற்குள் மிஸ் பழைய இலையை எடுக்கச் சொல்லி, புது இலை போட்டு, முழுச் சாப்பாட்டையும் மறுபடி வைக்கச் சொல்லியிருந்தார்.

"சும்மா உட்காருங்க முதலாளி. சாப்பிட வேணாம்" என்றேன்.

ஓங் ஃபிளாஷ் பல்பை மாட்டி, பிளேட்டைச் செருகினார். பிளேட்டைச் செருகிய பிறகு கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. உள்ளே என்ன விழும் என்பது நம்பிக்கைதான். மிஸ் கேமரா பக்கம் வரவே இல்லை. சுவரோரம் நின்று முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மக்சிக்கிடம், பரிமாறுங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

மக்சிக் கரண்டி நிறையக் குழம்போடு குனிந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்த முதலாளி பதறிப்போய் முன்னால் சாய்ந்து, சோற்றுக்கு மேல் கையை விரித்து மறித்தார்.

"போதும்மா! போதும்! போதும்!"

"சிக்கிட் லாகி" என்றார் மக்சிக், இன்னும் கொஞ்சம் என்று. கையைப் பார்த்து நிறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஊற்றினார்.

"இப்போது!" என்றார் மிஸ். பல்ப் வெடித்ததுபோல் வெளிச்சம்.

"ஐயோ, கை!" என்று முதலாளி விரலை உதறினார். மக்சிக் சிரித்துக்கொண்டே துண்டைக் கொடுத்தார். மிஸ் மெதுவாக வந்து, நான் ராவும் பகலும் கஷ்டப்பட்டு இழுத்திருந்த தாளைக் கண்ணாடியிலிருந்து உரித்து, நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்னொன்று எடுக்கலாமே என்று நான் கெஞ்சினேன். "வேண்டாம். இனிமேல் அவர் நடிப்பார்" என்றார்.

படம் கழுவி வந்தது. இலை, வெள்ளைச் சோறு, மேலே மறித்த ஒரு பெரிய கை, வளையல் போட்ட இன்னொரு கையிலிருந்து விழுகிற குழம்பு. ஓரத்தில் டின். வேறு ஒன்றுமில்லை. மோதிரக் கல்லுக்குச் சிவப்பு வைக்கும்போதும் எனக்கு ஒரே கவலை. முதலாளியின் சம்சாரம் மறுபடி அழுதுவிட்டால்?

வீட்டில் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அந்த அம்மாளே ஸ்டூடியோவுக்கு வந்தார். சின்ன உருவம், இரட்டை மூக்குத்தி. முதலாளி பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்றார். அந்த அம்மாள் உட்காரவில்லை. படத்தின் மேல் குனிந்தார்.

"இது இவரு மோதிரந்தானே?"

"ஆமாங்கம்மா."

"குழம்பு கையில ஊத்துது."

"ஆமாங்கம்மா."

"சுட்டிருக்குமே."

"சுட்டுச்சு" என்றார் பின்னாலிருந்து முதலாளி.

நிமிர்ந்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய்."

ஏணியின் மூன்றாவது படி என் காலடியில் வந்துவிட்டது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்த மனுசனுக்கு நான் சோறு போடுறேன். ஒரு நாளாச்சும் போதும்னு சொன்னதுண்டா? உங்க படத்துலதான் சொல்றாரு!" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதையே போடுங்க. கடையிலயும் மாட்டுங்க. வர்றவங்க பாக்கட்டும்."

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

அந்தக் காலண்டர் சுதந்திர வருடத்தில் மலாக்காவில் நிறைய வீடுகளில் தொங்கியது. மக்சிக் வீட்டில் வருடம் முடிந்த பிறகும் தொங்கியது. தேதித் தாளைக் கிழித்துவிட்டுத் தன் கையை மட்டும் வைத்துக்கொண்டார். ஓங் ஐசி படத்துக்குத் திரும்பவில்லை. ஸ்டூடியோவுக்குப் புதுப் பெயர்ப்பலகை வேண்டும் என்றபோது நான்தான் எழுதினேன், தரையில் வைத்து, தலைகீழாக. மாட்டுவதற்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். மிஸ் வேலையை விட்டுப் போன பிறகு, அவர் பார்த்த ஆர்ட் டைரக்டர் வேலை எனக்கு வந்தது. அதன் பின் எத்தனையோ கம்பெனி, எத்தனையோ படம். ஏணி மட்டும் இல்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து மங்கைக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டாள்.

"அங்கிள், இப்ப ஒரு ஓட்டல் வேலை பண்றேன். நானும் வெறும் இலையும் சாப்பாடும்தான் வச்சிருக்கேன். ஆளே இல்ல. இப்ப எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. பரவால்லயா?"

"விளக்கு வச்சிருக்கியாம்மா?"

"இல்ல அங்கிள்."

"ஓட்டல்காரர் படம்?"

"இல்லவே இல்ல."

"அப்ப சரி" என்றேன். வைத்த பிறகு மறுபடி கூப்பிட்டு, புகை ஏதாவது தெரிகிறதா என்றும் கேட்டுவிட்டேன்.